பிள்ளைக் கொட்டகையில் கேட்ட இங்கிலீஷ்

சிங்கப்பூருக்கு வடக்கே, குளுவாங்கிலிருந்து காஹாங் போகும் சாலையில் ஒன்பதாவது கல்லில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. முப்பத்து மூன்றாம் வருஷம் அந்தத் தோட்டத்துப் பெரிய துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த சிவசம்பு, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கிராமபோன் பெட்டியையும் அதோடு வந்த பதினான்கு இசைத்தட்டுகளையும் எடுத்தார். பாட்டுத் தட்டுகள் என்றுதான் நினைத்தார்.

சாயங்காலம் ஆட்கள் குடியிருந்த லயத்து ஜனம் பாதி அவர் வீட்டு முற்றத்தில் கூடிவிட்டது. சாவி கொடுத்து ஊசியை வைத்ததும் ஒரு வெள்ளைக்காரர் குரல் கணீரென்று வந்தது. “குட் மார்னிங். இட் இஸ் ரெய்னிங். வேர் இஸ் மை அம்ப்ரெல்லா?” பிறகு கொஞ்ச நேரம் மௌனம். மறுபடி அதே குரல், அதே வாக்கியம்.

“பாட்டு எப்பங்க ஐயா வரும்?” என்று யாரோ கேட்டார்கள்.

பதினான்கு தட்டையும் புரட்டிப் பார்த்தாயிற்று. பாட்டு வரவில்லை. இங்கிலீஷ் தெரியாத வேறு தேசத்தாருக்கு அந்தப் பாஷையைப் பேசக் கற்றுத்தரும் தட்டுகள் அவை. கூட வரவேண்டிய புத்தகத்தைக் கறையான் எப்போதோ தின்று முடித்திருந்தது. சிவசம்புவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

“நான் படிச்ச இங்கிலீசு எனக்குக் காணும். இது என்னத்துக்கு எனக்கு?” என்றவர், எதிரே நின்ற செல்லத்தைப் பார்த்தார். “இந்தா பிள்ளை, நீ கொண்டுபோ. அழுகிற குழந்தையளுக்குப் போட்டுக் காட்டு.”

செல்லத்துக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். தாய்மார்கள் ரப்பர் பால் வெட்டப் போகும்போது விட்டுச் செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை போயிருந்தாள். இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

பெட்டி பிள்ளைக் கொட்டகைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளைக்காரர் பேச ஆரம்பித்ததும் பதினோரு தொட்டிலும் அடங்கிப்போகும். அவர் குரலில் அப்படி ஒரு நிதானம். செல்லம் நாளுக்குப் பத்துத் தரம் போடுவாள். கஞ்சி காய்ச்சும்போதும் துணி அலசும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மாதத்தில், அவள் முயலாமலே வாக்கியங்கள் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டன. அர்த்தம் மட்டும் தெரியாது.

அர்த்தம் வேண்டும் என்ற எண்ணம் வந்தது ஒரு புதன்கிழமை. புதுத் துரையின் மனைவி கொட்டகையைச் சுற்றிப் பார்க்க வந்தாள். செல்லத்தைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். கூட வந்த டிரஸர், தோட்டத்தில் மருந்து கொடுப்பவர், அதைக் கேட்டுச் சிரித்தார். செல்லமும் சேர்ந்து சிரித்து வைத்தாள். அவர்கள் போன பிறகு அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமலே சிரித்திருக்கிறாள். அது என்ன பேச்சு என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் விடியலில், ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், அவள் கிராணியிடம் போனாள்.

“ஐயா, ‘வேர் இஸ் மை அம்ப்ரெல்லா’ன்னா என்னாங்க?”

“காலமையே இங்கிலீசோ? என்ர குடை எங்க எண்டு கேக்கிறான். போ, போய் வேலையைப் பார்.”

அன்று முதல் ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். சிவசம்பு அலுத்துக்கொள்வார், எரிந்து விழுவார், ஆனால் சொல்லாமல் விட்டதில்லை. செல்லம் கேட்டதை ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தத்தையும் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகை காலியாக இருக்கும். அங்கே பள்ளிக்கூடம் நடந்தது. செல்லம், அவள் புருஷன் மூர்த்தி, பங்களாவில் சமைக்கும் ஐயாசாமி, மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து பெட்டியை நடுவில் வைத்துக்கொள்வார்கள். மூர்த்தி தோட்டத்து லாரி ஓட்டுபவன். இயந்திரம் எதுவானாலும் அவனுக்கு நேசம். இரும்பு ஊசிகள் தீர்ந்துபோனபோது முற்றிய மூங்கிலைச் சீவி ஊசி செய்தான். சத்தம் கொஞ்சம் மங்கியது, ஆனாலும் கேட்டது.

ஐயாசாமிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காது சற்று மந்தம். சாவி தளரும்போது தட்டு மெதுவாகச் சுற்றும், வெள்ளைக்காரர் குரல் இழுத்து இழுத்து எருமை கத்துவது போல ஆகிவிடும். அப்போதுதான் அவருக்கு நன்றாகக் கேட்கும். அதனால் அவர் கற்ற வாக்கியமெல்லாம் அந்தத் தொனியிலேயே நின்றுவிட்டது. “தி சூப் இஸ் வெ...ரி ஹா...ட்” என்று அடித்தொண்டையிலிருந்து இழுப்பார்.

“அலமாக், அண்ணே! துரை பயந்து ஓடிடுவாரு” என்று மூர்த்தி தரையில் புரண்டு சிரிப்பான்.

“நீ சிரி. நேத்து இப்படித்தான் சொன்னேன், துரைக்குப் புரிஞ்சிடுச்சு. ஊதிக் குடிச்சாரு” என்பார் ஐயாசாமி, கொஞ்சமும் அசராமல்.

வெளியே ரப்பர் இலைகள் மேல் மழை கொட்டும். தகரக் கூரையில் அந்த இரைச்சல் பெட்டியின் குரலை அமுக்கிவிடும். அப்போது மூன்று பேரும் தட்டை நிறுத்திவிட்டு பாலில்லாத வரக்கோப்பி குடித்துக்கொண்டே, தெரிந்த வாக்கியங்களை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்கள். அந்த நாலைந்து மணி நேரத்தில் அவர்களுக்குக் கங்காணியும் இல்லை, துரையும் இல்லை.

முப்பத்தைந்தாம் வருஷம் ஒரு சனிக்கிழமை. துரை சிங்கப்பூர் போயிருந்தார். டிரஸர் மருந்து வாங்கக் குளுவாங்குக்குப் போயிருந்தார். லாரியோடு மூர்த்தியும் கூடப் போயிருந்தான். பகல் பதினோரு மணிக்கு ஆபீஸ் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. செல்லம் ஓடிப்போய்ப் பார்த்தாள். சிவசம்பு தரையில் கிடந்தார். வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு புழுப்போலச் சுருண்டிருந்தார். முகம் வெளுத்துச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

“ஐயா, யாரைக் கூப்பிடட்டும்?”

“டெலி... போன்...” அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

சுவரில் டெலிபோன் இருந்தது. தோட்டத்தில் அது ஒன்றுதான். செல்லம் அதைத் தொட்டதே இல்லை. ஏழாவது தட்டின் மறுபக்கத்தில் டெலிபோனில் பேசும் பாடம் இருந்தது. நூறு தரமாவது கேட்டிருப்பாள். கைப்பிடியைப் பார்த்ததும் கிராமபோனுக்குக் கொடுப்பது போல இறுகும்வரை சுற்ற வேண்டும் என்று நினைத்தாள். அது இறுகவே இல்லை. முப்பது சுற்றாவது சுற்றியிருப்பாள். குளுவாங் எக்ஸ்சேஞ்சில் அந்த மணி என்ன பாடுபட்டதோ, குழலைக் காதில் வைத்ததும் ஒருவன் கோபமாகக் கத்தினான்.

செல்லம் கண்ணை மூடிக்கொண்டாள். தட்டில் பேசுகிறவரை நினைத்தாள், அவர் நிதானத்தை நினைத்தாள்.

“ஹலோ. ஆர் யூ தேர்? ஐ ஷுட் லைக் டு ஸ்பீக் டு தி டாக்டர்.”

மறுமுனையில் கோபம் சட்டென்று அடங்கியது. “யெஸ், மேடம்” என்றான் அவன். கொஞ்ச நேரத்தில் வேறொரு குரல் வந்தது. அது டாக்டர். செல்லம் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். வயிற்றுவலிக்குத் தட்டில் பாடம் இல்லை. “எ மேன் இஸ் இல். வெரி இல்” என்றாள். பிறகு பாடத்தின் கடைசி வரி. “ப்ளீஸ் கம் அட் ஒன்ஸ், அட் ஒன்ஸ், அட் ஒன்ஸ்.”

முக்கால் மணி நேரத்தில் டாக்டரின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்காரர் ஆபீசுக்குள் வந்து, யாரையோ தேடுகிறவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். கைலியும் கஞ்சிக் கறையுமாக நின்ற செல்லம் ஒருத்திதான் அங்கே இருந்தாள். அவள் தரையைக் காட்டினாள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சிவசம்புவின் வயிற்றை அறுத்துக் வீங்கியிருந்த குடல்வாலை எடுத்தார்கள். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம்.

பத்து நாள் கழித்துச் செல்லமும் மூர்த்தியும் அவரைப் பார்க்கப் போனார்கள்.

“பிள்ளை, ‘அட் ஒன்ஸ்’ எண்டு மூண்டு தரம் சொன்னியாம். டாக்டர் ஆக்களிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். ஏன் மூண்டு தரம்?”

“தட்டுல அப்படித்தாங்க ஐயா இருக்கு. மூணு தரம் சொல்லுவாரு, அப்புறம் நான் ஊசியைத் தள்ளி விடுவேன்.”

சிவசம்பு ஒரு கணம் விழித்தார். பிறகு தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஐயோ, தட்டில கீறல் பிள்ளை, கீறல்!” என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது அவர் கண்ணில் நீர் நின்றது. செல்லத்தின் கையைத் தொட வந்தவர், கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டார். “ஒவ்வொரு நாளும் உன்னைத் துரத்தினனே” என்று மட்டும் சொன்னார்.

அந்த டாக்டர் அவளை மறக்கவில்லை. முப்பத்தெட்டில் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு ஆள் தேவைப்பட்டபோது சொல்லி அனுப்பினார். மூர்த்திக்கும் குளுவாங்கில் ஒரு மர ஆலையில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. பெட்டியை மட்டும் தூக்கி வரவில்லை. சுருள்வில் அறுந்து அது பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வார்டில் நர்சம்மாக்கள் பேசிய இங்கிலீஷ் வேறு மாதிரி இருந்தது. விறுவிறுவென்று ஓடும், பாதி வார்த்தையை விழுங்கும், திருப்பிச் சொல்ல நேரம் கொடுக்காது. திட்டும்கூட. செல்லம் மறுபடி முதலிலிருந்து கற்றாள். அந்த முதல் மாதங்களில், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் அவளுக்காகக் காத்திருந்த அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்து ஏங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வார்டில் வேலை இருக்கும். மத்தியானம் படுக்கை விரிப்பை உதறும்போது கை தானாக நிற்கும். தோட்டத்தில் இருந்தால் இந்நேரம் மூர்த்தி மூங்கில் சீவிக்கொண்டிருப்பான், ஐயாசாமி அண்ணன் கோப்பி ஆற்றிக்கொண்டிருப்பார் என்று நினைப்பு ஓடும்.

ஐயாசாமி அதற்குள் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குச் சமைக்கப் போய்விட்டார். ஒரு நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ், எழுதியது முழுக்கத் தமிழ் எழுத்தில். மூர்த்தி வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். “மை டியர் பிரதர் அண்ட் சிஸ்டர், ஐ யாம் வெ...ரி...” இழுக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவர் புள்ளி வைத்திருந்தார். மூர்த்தியால் மேலே வாசிக்க முடியவில்லை. செல்லம் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அவளாலும் முடியவில்லை. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.