மைக்கில் ஒரு 'அவர்கள்'

2023 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி எட்டு பத்து. தூறல். குடை பிடித்தால் நாலு பேர் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் சட்டை நனைந்துவிடும், அந்த அளவு. பெரம்பலூரிலிருந்து எங்கள் வேன் ரஞ்சன்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த காதுகுத்துக்குக் கிளம்பியது. டிரைவர் போக ஆள் ஐந்து, ஸ்பீக்கர் பெட்டி நாலு, கீபோர்டு ஒன்று, தண்ணீர் கேன் ஒன்று. கேனுக்கு மூடி இல்லை. என் காலடியில்தான் வைத்திருந்தார்கள்.

நான் பாடுகிறவன் அல்ல. ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் டைம் ஆபீசில் இருபத்து நாலு வருடம் உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணியவன். ஆயுத பூஜைக்கு அங்கே மைக் பிடிப்பேன். ஓய்வுபெற்று அரியலூரில் சும்மா இருந்தவனை இந்த மெல்லிசைக் குழுவின் தலைவர் அறிவிப்பாளராகச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு இருபத்து மூன்றாவது கச்சேரி.

முதல் பாட்டுக்கு முன் கலைஞர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவது என் வேலை. யார் யாரிடம் கற்றார்கள் என்று தலைவர் எழுதித் தருவார், எல்லாம் கற்பனை. இருபத்திரண்டு மேடையில் அந்தப் பொய்களைச் சொல்லி எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது. இனிமேல் உண்மையைத்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு மாதம் ஒவ்வொருவரையும் விசாரித்து அட்டையில் குறித்து வைத்திருந்தேன்.

கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது. வெளியே சோளக்காடு, மக்காச்சோளக்காடு, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் நனைந்து மிதந்தன. அட்டைகளைப் புரட்டப் புரட்ட எனக்குக் கண் சொருகியது. படித்தேனா, கனவு கண்டேனா, தெரியவில்லை.

தலைவர்தான் கீபோர்டு. சிறுவயதில் கோயில் என்றால் அவருக்கு மாதாகோயில். அங்கே ஓர் ஆர்மோனியம். அதில் மூன்று கட்டைகளுக்குச் சத்தம் வராது. எட்டு வருடம் அந்த மூன்றையும் தாண்டித் தாண்டியே வாசித்துப் பழகியிருக்கிறார். இன்றைக்குப் புதுக் கீபோர்டில் எல்லாக் கட்டையும் பேசுகிறது. அவர் விரல் மட்டும் அந்த மூன்று இடத்தில் குதிக்கும், வாய்க்காலைத் தாண்டுகிற ஆடு மாதிரி.

ஆண் குரல் லப்பைக்குடிக்காட்டு பாய். பையனாக இருந்தபோது கல்யாண வீடுகளில் தஃப் மேளம் தட்டி, பைத் என்கிற நபி புகழ்ப் பாட்டுப் பாடியவர். அப்புறம் சவூதியில் பதினோரு வருடம் தண்ணீர் லாரி ஓட்டினார். பாலைவனத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு ஆள் கிடையாது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடுவாராம். பாட்டு வெளியே போய்த் திரும்பியே வராதாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும்.

பெண் குரல் பெரம்பலூரில் தையல் வேலை செய்கிற அம்மா. ஒன்பது வருடம் தினமும் ஒரே தனியார் பஸ்ஸில் வந்து போனவர். படித்ததெல்லாம் அந்த பஸ் ஸ்பீக்கரிடம். ஒரே கேசட், ஒரே நேரம், ஒரே நிறுத்தம். அதனால் ஏழு பாட்டுக்கு அவருக்கு இரண்டாம் சரணம் தெரியாது. "அதுக்குள்ள என் ஸ்டாப்பு வந்துரும்யா" என்பார். மேடையில் அந்த ஏழு பாட்டும் அங்கேயே இறங்கிவிடும். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நாலாவது, ரிதம் பேட் வாசிக்கிற தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எட்டு வயதிலிருந்து பத்தொன்பது வரை அப்பாவோடு சாவு வீடுகளில் பறை அடித்தவர். அப்பா அடித்த சாவுகள் நானூற்றுப் பதினேழு என்று அவர் சொன்னதை அப்படியே குறித்திருந்தேன்.

சிறுவாச்சூரைத் தாண்டிவிட்டோமோ, எதிர்த்திசையில் போகிறோமோ என்று திடுக்கிட்டு விழித்தேன். இல்லை, சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். தம்பி என் பக்கம் சாய்ந்திருந்தார்.

"சார், இப்பப் போறமே, அது எங்கப்பா அடிச்ச ஊரு. அவரும் வராரு. என் கச்சேரிய மொத தடவ கேக்கப் போறாரு."

"நல்லது தம்பி."

"அந்த ஊர்ல சின்னப் பசங்ககூட அவர 'வாடா, போடா'தான் சார். நீங்க மைக்ல எல்லாருக்கும் 'அவர்கள்'னு போடுவீங்கள்ல? எங்கப்பாவுக்கு ஒண்ணு போடுங்க. குருன்னு சொல்லிப் போடுங்க. அந்த ஊர் காதுல ஒரு தடவ விழட்டும்."

தலைவர் முன் சீட்டிலிருந்து திரும்பினார். "காதுகுத்துல சாவு மேளத்தப் பேசுறதா? பார்ட்டி மீதிப் பணம் குடுக்க மாட்டான். கேள்வி ஞானம்னு போட்டு விடுங்க சார்."

"சாவுன்னு சொல்ல வேணாம்ணே. அப்பாகிட்ட கத்துக்கிட்டான்னு மட்டும் சொல்லட்டும்."

"என்னைய ஒட்டகத்துக்கிட்ட கத்துக்கிட்டவன்னு எழுதி வச்சிருக்காரு நம்ம சாரு, அதுக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றார் பாய். தையல் அம்மா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

நான் பயந்தவன். கறுப்பு மையில் இன்னோர் அட்டை எழுதினேன்: கேள்வி ஞானம். இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டேன்.

ரஞ்சன்குடிக் கோட்டை மேகமூட்டத்தில் பாதி தெரிந்தது. பந்தலில் நாற்காலி நூற்றிருபது. எண்பத்தாறில் ஆள் இருந்தது. முப்பத்து நாலு காலி. தம்பியின் அப்பா கடைசிக் கம்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்பு இன்னும் கலையவில்லை.

தாய்மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்தியாயிற்று. கச்சேரி அந்தத் தாய்மாமன் சீர்தான். மணி பத்து ஐம்பது. மூன்று பேரை அறிமுகம் செய்தேன், கை தட்டினார்கள். பையில் கை விட்டேன். எந்த அட்டை வந்தாலும் அதுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் விரலுக்கு எது எதுவென்று தெரிந்தது, வேனில் கேன் தண்ணீர் தெறித்த கறுப்பு மை அட்டை இன்னும் ஈரம். மற்றதை எடுத்தேன்.

"தாளக் கருவி. இவருடைய குரு, இவருடைய தந்தையார் அவர்கள்." சொல்லிவிட்டேன். மார்பு லேசானது. அந்த லேசில் கண் அடுத்த வரிக்கு வழுக்கியது. எண் என்றால் வாசித்துவிடுகிற நாக்கு. "நானூற்றுப் பதினேழு சாவுகளில் வாசித்தவர்."

பந்தல் தகரத்தில் தூறல் விழுவது கேட்டது. எல்லாரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலவும், நான் ஒருவன் மட்டும் கரையிலிருந்து பார்ப்பது போலவும் இருந்தது.

கடைசிக் கம்பருகிலிருந்து ஒரு குரல், மைக் இல்லாமலே எல்லோருக்கும் எட்டியது.

"பதினெட்டுங்க சார். இந்த வூட்டுப் பெரியவரோட சாவ வுட்டுட்டீங்க."

தாய்மாமன் எழுந்துவிட்டார். "யாருய்யா இந்த ஆளு? நல்ல காரியத்துல சாவ எண்ணிக்கிட்டு! மைக்க ஆஃப் பண்ணு!"

குழந்தையின் பெரியப்பா, ஐம்பது வயதிருக்கும், முன்வரிசையில் இருந்தார். திரும்பிக் கடைசிக் கம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல எனக்குத் தோன்றியது, ஏழு எண்ணினேன்.

"உக்காருங்க மாப்ள" என்றார் தாய்மாமனிடம். "எங்கப்பா சாவுக்கு இந்தப் பறதான். அன்னிக்கும் மழ. தோலு நனஞ்சு நனஞ்சு சத்தம் விட்டுப் போவும். வைக்கோலக் கொளுத்திக் காட்டிக் காட்டி, விடிய விடிய அடிச்சா..."

அங்கே இழுத்தார். அந்த ஊரில் அந்தச் சொல் 'ன்' என்றுதான் முடியும் என்று பந்தலில் எல்லோருக்கும் தெரியும். தம்பியின் குச்சி இரண்டும் காற்றில் நின்றன.

"...ரு" என்றார்.

தம்பி எனக்காகவோ தலைவருக்காகவோ காத்திருக்கவில்லை. அடிக்கத் தொடங்கிவிட்டார். தலைவர் பதறிப் பதறிக் கீபோர்டில் பிடித்துக்கொண்டார், மூன்று இடத்தில் குதித்தபடி. எந்தப் பாட்டு என்று எனக்கு நினைவில்லை. தாளம் மட்டும் எங்கோ மலைக்குப் பின்னால் கேட்பது போல இன்னும் கேட்கிறது.

இரண்டாம் பாட்டு முடியும்போது பார்த்தேன். அப்பா உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே, கம்பில் ஒரு கை வைத்து, கண்ணை மூடியிருந்தார்.

திரும்புகாலில் தம்பி கேட்டார்: "நம்பர எதுக்கு சார் படிச்சீங்க?"

"அட்டையில் இருந்தது."

"அதுவும் தப்பான நம்பரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாய்மாமன் மட்டும் ஆறவில்லை. மீதிப் பணத்தில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார். "உங்க நாக்கு, உங்க கணக்கு" என்று தலைவர் அதை என் தலையில் வைத்தார். அன்றைய என் சம்பளம் அறுநூறு, அதுவும் வரவில்லை. குழந்தைக்குச் சுற்றிப்போட என் பணத்தில் வாங்கிய தேங்காய், சூடம் அறுபது. அரியலூர் பஸ் எப்படியும் ஏறித்தான் ஆக வேண்டும், அதைச் சேர்க்கவில்லை. ஆக மொத்தம், ஒரு 'அவர்கள்' இரண்டாயிரத்து அறுநூற்று அறுபது ரூபாய்.