ஒன்பதாம் பெட்டியின் குளிர்

திருகோணமலைக் கரையோரம் சல்லி என்ற ஊரில் அஸீம் முதலாளி மீன் வாங்கி வைக்கும் வாடியில் குளிர்ப்பெட்டிகள் எட்டு. ஆனால் கடைசிப் பெட்டியின் நெற்றியில் ஒன்பது என்று எழுதியிருக்கும். முதலாளிக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு சனியின் எண், அந்தப் பெட்டியில் வைத்த மீன் விலைபோகாது என்று படகுக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதனால் ஏழுக்கு அடுத்தது ஒன்பதாயிற்று.

பத்தொன்பது வருடமாக இந்தப் பெட்டிகளுக்குக் காய்ச்சல் பார்க்கிறவள் குணேஸ்வரி. அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவாள். மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து, வெப்பமானியைச் செருகி, கொப்பியில் எழுதுவாள். ஒருமுறை சூரை மீனொன்று குளிரில் தும்மியது கேட்டு ஐஸைக் குறைத்தாளாம். நான் நம்புகிறேன்.

இந்த மாசியில் கொழும்புக் கம்பனிக்காரர் ஒருவர் வந்து, தானே வெப்பம் பார்த்துத் தானே மணியடிக்கும் இயந்திரமொன்றை முதலாளிக்குக் காட்டினார். அது வந்தால் குணேஸ்வரிக்கு வேலையில்லை. அவள் அழவில்லை. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். சி என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம் என்றார் வந்தவர். அடுத்த ஞாயிறே டவுனில் ஹுஸ்னியா ரீச்சரின் சி வகுப்பில், தன்னில் பாதி வயதுக்காரர்களின் நடுவே போய் உட்கார்ந்தாள், நாற்பத்தாறு வயதில்.

அணி என்ற பாடம் வந்தபோதுதான் அவளுக்கு ஆசை பற்றிக்கொண்டது. ஒரே பெயர், அடுத்தடுத்து அறைகள், அறைக்கு ஓர் எண். ஆனால் முதல் அறையின் எண் பூச்சியம்!

"ஏன் ரீச்சர், ஒண்டிலயிருந்து துவங்கினா என்ன?"

"முதல் அறைக்குப் போக எத்தின அறையத் தாண்டணும் அக்கா?"

"ஒண்டும் தாண்டத் தேவையில்லையே."

"அதான் பூச்சியம்."

அன்று வீடு வரும்வரை கரண்ட் கம்பங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

மூன்று மாதத்தில் ஒரு சின்னச் சர்க்கியூட் பலகை, எட்டு சென்சர், ஒரு திரை, ஒரு மணி எல்லாம் சேர்த்து அவளே ஓர் இயந்திரம் கட்டினாள். புரோகிராமில் எட்டு அறை கொண்ட அணி. அதோடு 'எல்லை' என்றோர் எண், ஐந்து பாகை. எந்தப் பெட்டி அதைத் தாண்டினாலும் மணியடிக்க வேண்டும். பூச்சியத்தை அவள் மறக்கவில்லை. பெட்டி எண்ணில் ஒன்றைக் கழித்தால் அறை எண் வரும்படி எழுதியிருந்தாள்.

"வியாழக்கிழம காட்டு புள்ள," என்றார் முதலாளி. "சரிவந்தாக் கொழும்புக்காரன வேணாமெண்டுறன். இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலா."

வியாழன் காலை எல்லாப் பெட்டியும் மூன்று பாகைக்குள் சாதுவாக இருந்தன. பாக்கியரத்தினம் என்ற படகுக்காரர் மீன் கொண்டுவந்து, ஒன்பதாம் பெட்டியில் உப்புப் போட்ட புது ஐஸைக் கொட்டினார். உடனே மணி அலறியது. திருகோணமலைக் கோட்டையில் மேயும் மான்கள் கடலில் குதித்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எட்டிப் பார்த்தன, அவ்வளவுதான்.

"பெட்டி குளிருது, மணி ஏன் கத்துது?" என்றார் முதலாளி. திரையில் ஒன்று முதல் ஏழு வரை எல்லாப் பெட்டிக்கும் சிவப்பு. ஒன்பதுக்கு மட்டும் இல்லை.

"உன்ர மெசினுக்குக் குளிர் காய்ச்சல் போல, பிள்ளை," என்று பாக்கியரத்தினம் சிரித்தார்.

குணேஸ்வரி ஒன்பதின் சென்சரை வெளியே எடுத்து வெயிலில் கிடந்த தகரத்தின் மேல் வைத்தாள். மணி நின்றது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. நாலாம் பெட்டியின் சென்சரையும் எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தினாள். முப்பத்தொரு பாகை. மணி வாய் திறக்கவில்லை. முதலாளியின் முகம் மாறியது. நாலாம் பெட்டி மீன் முழுவதும் நாறினாலும் இந்த மணி சும்மாதான் இருக்கும்!

எல்லையைத் திரையில் காட்டச் சொன்னாள். முப்பத்தெட்டு. ஐந்து என்று எழுதிவைத்த எண்ணை யார் மாற்றினார்கள்? ஒன்பதாம் பெட்டியின் வெப்பத்தைப் பார்த்தாள். அதுவும் முப்பத்தெட்டு.

சுவரில் கரித்துண்டால் கட்டம் போட்டாள். எட்டு அறைக்குப் பூச்சியத்திலிருந்து ஏழு வரை எண். ஒன்பதில் ஒன்றைக் கழித்தால் எட்டு. அப்படியோர் அறையே இல்லை. சி மொழி அதைத் தடுப்பதுமில்லை, ஏனென்று கேட்பதுமில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிடும். அடுத்த வீட்டில் குடியிருந்தது எல்லை. ஒன்பதின் வெப்பம் எல்லையின் மேலேயே எழுதப்பட்டது; ஐஸ் விழுந்ததும் எல்லையும் கீழே இறங்க, மற்றப் பெட்டிகளெல்லாம் அதைத் தாண்டிவிட்டன.

"முதலாளி, பிழை என்னிலதான். எட்டுப் பெட்டியெண்டு எட்டு அறை கட்டினனான். நாங்கள் எட்டைத் தாண்டிப் போறம் எண்டதை யோசிக்கேல்லை."

முதலாளி தாடியைத் தடவினார். "கொழும்புக்காரன் வந்து நிண்ட நேரம், இங்க ஏன் எட்டு இல்லையெண்டு கேட்டானா?"

"இல்லை."

"அப்ப அவன்ட மெசினும் எந்த வீட்டுக் கதவத் தட்டுமோ! நீயே திருத்து."

அணியை ஒன்பது அறையாக்கினாள். ஒன்பதின் சென்சரை வெயிலிலிருந்து ஐஸுக்கும் நாலின் சென்சரை அதன் பெட்டிக்கும் திருப்பினாள். எல்லை ஐந்திலேயே நின்றது. மறுபடி நாலாம் சென்சரை எடுத்துப் பொத்தினாள். மணி அலறியது. எல்லை ஐந்திலேயே நின்றது. பாக்கியரத்தினம் மட்டும் கரிக்கட்டத்தில், எட்டாம் பெட்டி இல்லாததால் வெறுமையாய்க் கிடந்த ஏழாம் எண் அறையைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"உதுக்குள்ள சனியன் வந்து குந்தினா?"

"குந்தட்டும் அண்ணை. மணிக்கொரு தரம் காய்ச்சல் பாத்துச் சொல்லுறன்."