துவாரகாவில் வாங்காமல் வந்த கார்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு டெல்லியில் இறங்கினேன். கோவையிலிருந்து விமானம், தோளில் ஒரே ஒரு பை. திரும்பும்போது ஒரு பழைய காரை வாங்கி அதில் வருவதாகத் திட்டம். நாக்பூர், ஹைதராபாத் வழியாக ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். வீட்டில் கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

டெல்லியில் பெட்ரோல் காருக்குப் பதினைந்து வருடம், டீசலுக்குப் பத்து வருடம் என்று ஆயுள் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த விதியைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருப்பதால் எதற்கு வம்பு என்று பலர் கெடு வருமுன் விற்றுவிடுகிறார்கள். நல்ல வண்டிகள் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வருகின்றன. பந்தயம் ஓட்டத்தான் எனக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. மோட்டார் பந்தயம் பணக்காரர்கள் விளையாட்டு என்று டி.வி.யில் மட்டும் பந்தயம் பார்த்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கூட ஞாயிறு காலை பழைய காரில் ஹெல்மெட்டோடு வந்து நிற்பார். ஒரு லட்ச ரூபாய்க் காரில் வளைவைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு ஐம்பது லட்சத்துக் காரைக் கொடுத்தாலும் தெரியப்போவதில்லை என்பது என் கட்சி.

விமான நிலையத்திலிருந்து டெல்லியின் தென்மேற்கு ஓரத்துத் துவாரகாவுக்கு ஆட்டோவில் முந்நூறு ரூபாய். வெயில் ஏறியும் வெளிச்சம் வரவில்லை. புகைக்கு நடுவே சூரியன் அழுக்குப் பித்தளைத் தட்டு மாதிரி தொங்கியது. தொண்டை அப்போதே கரகரக்க ஆரம்பித்துவிட்டது.

காரின் சொந்தக்காரர் பேச்சிமுத்து, சங்கரன்கோவில்காரர். விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கிறார். டெல்லிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. பந்தய ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில்தான் பழக்கம். குர்கான் பக்கத்துப் புழுதி மைதானங்களில் ஞாயிறுதோறும் கார் ஓட்டி, சில கோப்பைகளும் வாங்கியவர். சின்ன வெள்ளைக் கார், விலை எண்பதாயிரம், பதிவு முடிய ஒன்பது நாள் பாக்கி. அவர் மனைவி செல்லம் ரவா தோசை வைத்தபடி, "இதுவும் போயிட்டுன்னா ஞாயித்துக்கிழமை இவரு என்னதான் செய்வாருன்னு தெரியல தம்பி" என்றார். பேச்சிமுத்து சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். எங்கே போகலாம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. கிரேட்டர் நொய்டாவில் உலகப் பந்தயம் மூன்று வருடம் நடந்து நின்றுபோன அந்தத் தடத்தைப் பார்க்காமல் டெல்லியை விட்டுப் போகிற கார் பைத்தியம் உண்டா? எழுபது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். யமுனா விரைவுச் சாலை ஏறியதும் காரை என்னிடம் கொடுத்தார். மூன்றாவது கியரில் மிதித்தேன். இந்த வயதுக் காரில், இந்த விலையில் வரக்கூடாத இழுப்பு. எனக்கு வாயெல்லாம் பல்.

தடத்தின் வாசலில் பூட்டு தொங்கியது. காவலாளி உள்ளே விட மறுத்துவிட்டார். கம்பி வேலி வழியாகப் பார்வையாளர் மாடம் மட்டும் புகையில் மங்கலாகத் தெரிந்தது. முதல் வருடம் கடன் வாங்கி டிக்கெட் எடுத்ததாகவும், கார்கள் கடந்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்ததாகவும் பேச்சிமுத்து சொன்னார். டீக்கடை ஓரம் நிறுத்தி, ஆசை தாங்காமல் பானெட்டைத் திறந்தேன். உள்ளே இருந்தது இந்தக் காரின் எஞ்சினே இல்லை. அதே கம்பெனியின் பெரிய காருக்கு வருகிற எஞ்சினை, ஒரு கம்பிகூடத் துருத்தாமல் உட்கார வைத்திருந்தார். மாயாபுரியில் பழைய சாமான் கடையில் வாங்கியதாம். பத்து வருடம் முன்னால் தானே மாற்றினாராம். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அதன் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஆர்.சி.யில ஏத்தீட்டீங்களாங்ணா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "எவன் குனிஞ்சு பாக்கப்போறான்னு விட்டுட்டேன், தம்பி."

எங்கள் ஊர் ஆர்.டி.ஓ.வில் குனிந்துதான் பார்ப்பார்கள். வெளிமாநில வண்டிக்கு மறுபதிவு செய்யும்போது சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். பழைய எஞ்சினை அவர் அன்றைக்கே அதே கடையில் தள்ளிவிட்டிருந்தார். புதியதற்கு ரசீது கிடையாது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலைதான் காரைச் சாகடித்தது. பந்தயப் பித்து பிடித்த எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய மாட்டார்கள். ஒன்றும் செய்யாமல் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக ஓட்டியிருந்தால் அது இன்னும் பத்து வருடம் தமிழ்நாட்டில் ஓடியிருக்கும்.

லாரியில் ஏற்றிப் போய்ப் பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நிஜமாகவே அந்தக் காரை விட எனக்கு மனம் இல்லை. அவர் பானெட்டை மெதுவாக இறக்கி மூடினார்.

"வண்டி எம்பேர்லல்லா கெடக்கும். பேப்பர் இல்லாம எங்கயாவது மாட்டிச்சுன்னா போலீஸ் எங்கிட்டதான் வருவான். ஏர்போர்ட் பாஸ் போயிட்டுன்னா வேலை போச்சு. நீங்க நல்லவர்தான் தம்பி, ஆனா முடியாது."

திரும்பும் வழியெல்லாம் அவர்தான் ஓட்டினார். எண்பதைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டார். கெடு முடிவதற்குள் நொய்டா பக்கம் அரசு அனுமதி பெற்ற உடைப்புக் கூடம் ஒன்றில் காரை ஒப்படைத்து, ஒப்புகைச் சான்று வாங்க வேண்டும். காலையில் செல்லம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்று இரவு அவர் சாப்பிடவில்லை, நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார். காரை ஊருக்கு ஓட்டிப்போக வந்தவன், அதை உடைக்கிற இடத்துக்கு ஓட்டினேன். பேச்சிமுத்து இடப்பக்கம் உட்கார்ந்து, பாராபுல்லா மேம்பாலம் வந்தபோது இடது லேனில் போகச் சொன்னார்.

கூடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாமே ஓடிவந்த கார்கள். கோவையில் இவற்றில் பாதியை வாசலில் நிறுத்தினாலே கொத்திக்கொண்டு போயிருப்பார்கள். டெல்லியின் காற்று கெட்டுக் கிடப்பது உண்மைதான். மூன்று நாளில் எனக்கே இருமல் பிடித்துவிட்டது. அதற்காக மனம் சமாதானம் ஆகிவிடுமா?

கையெழுத்துகள் முடிந்தன. நீல உடுப்பு போட்ட ஆள் ஒருவர் சாவியை வாங்கி, காரை உள்ளே கொண்டுபோக ஏறினார். கிளட்ச்சைச் சட்டென்று விட்டதில் கார் ஒரு குதி குதித்து அணைந்தது. அதுவரை சுவரோரம் நின்றிருந்த பேச்சிமுத்து விறுவிறுவென்று போய் ஜன்னலில் குனிந்தார்.

கிளட்ச் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும், மெதுவாக விடுங்கள் அண்ணா, என்று இந்தியில் சொல்லிக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் எஞ்சினைக் கழற்றப்போகிற அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவர் சொன்னபடியே விட்டார். கார் அலுங்காமல் உள்ளே போயிற்று.