பனியனுக்குள் சுருட்டிய கசகசா

எங்கள் மாமாவைப் போல ஒரு வம்புக்காரரை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. அம்மாவின் தம்பி. துபாயில் அல் கூஸ் பக்கம் ஒரு கேம்ப்பில், ஒரே ரூமில் பத்துப் பேரோடு இருந்தார். கட்டட சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமையானால் பஸ் பிடித்து, சத்வாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். செருப்பைக் கழற்றும்போதே, "எங்க நம்ம வீட்டு இங்கிலீஷ்காரி?" என்று குரல் கொடுப்பார். அது நான்தான். ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலும் இங்கிலீஷ், விளையாட்டிலும் இங்கிலீஷ். கோபம் வந்தால் மட்டும்தான் எனக்குத் தமிழ் வரும்.

இதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஊரில் இருக்கிற அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, மாமா எழுதும் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுத வேண்டும். மாமாவுக்கு ஒரே சங்கடம். கட்டின மனைவிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அக்கா மகளிடம் சொல்ல முடியுமா? "நான் நல்ல சுகம், நீ சுகமா" என்பதோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மிச்சத்த நீயே எதையாச்சும் போட்டுக்க தாயி" என்று எழுந்து போய்விடுவார். நானும் போட்டுக்கொள்வேன். எங்கள் வகுப்பில் நடந்த சண்டைகள் உட்பட எல்லாம் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

அப்படித்தான் ஒரு கடிதத்தின் அடியில் நான்கு வரி சேர்த்தேன். மாமாவுக்குப் பிறந்தநாள் வந்தது. அவருக்கு நிஜப் பிறந்தநாள் தெரியாது. பாஸ்போர்ட்டில் போட்டிருந்த தேதியை நான் பார்த்து வைத்திருந்தேன். முந்தின வருட லீவில் அத்தை வைத்துத் தந்த கசகசா பாயசம் என் நாக்கிலேயே நின்றது; மாமாவும் வாராவாரம் அதைச் சொல்லிச் சொல்லியே அம்மாவின் பாயசத்தைக் குடிப்பார். "அத்தை, மாமா பர்த்டேக்குப் பாயசம் வைக்கணும். கசகசா அனுப்புங்க. மாமாவுக்குத் தெரியவே கூடாது. யாரும் பார்க்காத மாதிரி ஒளிச்சு வைங்க." எழுதி, ஒட்டி, அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

கசகசா, அபின் செடியின் விதை. நம் ஊரில் அது குருமாவுக்கு. அங்கே அது போதைப்பொருள். பிடிபட்டால் ஜெயில், அப்புறம் நாட்டை விட்டே வெளியே. வளைகுடாவுக்கு வருகிற பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அம்மா குருமாவுக்கு முந்திரிதான் அரைப்பாள். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? ஊரைத் தாண்டாத அத்தைக்கும் யாரும் சொன்னதில்லை. நாத்தனார் மகள் ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டாள், அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

துபாயில் வீட்டுக்குத் தபால்காரர் வரமாட்டார். அவரவர் போஸ்ட் பாக்ஸுக்குத்தான் எல்லாம் வரும். அப்பாவின் பாக்ஸ் நம்பர்தான் மாமாவுக்கும் முகவரி. பார்சல் வந்திருக்கிறது என்று பாக்ஸில் சீட்டு கிடந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அரை நாள் ட்யூட்டி முடித்து வந்த மாமாவோடு அப்பா கிளம்பினார். நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். என் சர்ப்ரைஸை நான் பார்க்க வேண்டாமா?

வெள்ளைத் துணியில் தைத்து, அரக்கு வைத்து, அப்பா பெயரும் மாமா பெயருமாக எழுதிய பார்சல். சுங்கத்துக்காரர் தையலைப் பிரித்தார். பக்கத்தில் பாகிஸ்தான்காரர் ஒருவர். நாங்கள் சொல்வதை அரபியில் எடுத்துச் சொல்ல. முறுக்கு வந்தது, எலுமிச்சை ஊறுகாய் வந்தது, கைலி இரண்டு வந்தது. "என் பொண்டாட்டி கைப்பக்குவம்" என்று மாமா முறுக்கைப் பாகிஸ்தான்காரருக்கு நீட்டினார். அடியில் புதுப் பனியன் ஒன்று உருண்டையாகச் சுருட்டி, நூலால் கட்டிக் கிடந்தது. அதைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பனியன். அதற்குள் பிளாஸ்டிக் பை. அதற்குள் பொடிப் பொடியாக வெள்ளை விதை. பாவம் அத்தை, நான் சொன்னதைத் தட்டாமல் அப்படி ஒளித்து வைத்திருந்தாள்! நான் துள்ளிக் கைதட்டினேன்.

வேறு யாரும் கைதட்டவில்லை. சுங்கத்துக்காரர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். எங்களை உள்ளே ஒரு ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடத்துகிறவனும் இப்படித்தானே துணிக்குள் துணியாகச் சுருட்டி அனுப்புவான்? சமையலுக்கு என்றால் முறுக்கோடு முறுக்காக வைத்திருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. மனிதர் கத்தவில்லை, எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"கிஸ்னே மங்காயா?" என்றார் பாகிஸ்தான்காரர். யார் கேட்டு வந்தது இது?

அப்பாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. பாக்ஸ் அவருடையது, பெயரும் முதலில் அவருடையது. அவர் விசாவில்தான் அம்மாவும் நானும் இருந்தோம். அவர் மாட்டினால் மூன்று பேருக்கும் அங்கே இடமில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடிதத்தில் என் கையெழுத்து என்னென்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். ஒரு நொடிதான்.

"மேரா ஹை சாப். மைனே மங்காயா" என்றார், தன் சைட் ஹிந்தியில். என்னுடையதுதான், நான்தான் கேட்டு வரவழைத்தேன். "ஒளிச்சு வைக்கச் சொன்னதும் நான்தான். இவருக்கு ஒண்ணும் தெரியாது. பாக்ஸ் மட்டுந்தான் இவரோடது."

எனக்கு வந்ததே கோபம்! யோசனை என்னுடையது, கடிதம் என்னுடையது, பெயர் மட்டும் அவருக்கா? "பொய்! மாமா பொய் சொல்றாரு! நான்தான் கேட்டேன்!" என்று கத்தினேன். நல்லவேளை, தமிழில்.

"பச்சி க்யா போல்தி ஹை?" குழந்தை என்ன சொல்கிறது?

"வீட்டுக்குப் போகணுங்குது சாப்" என்றார் மாமா, கண் இமைக்காமல்.

இங்கிலீஷில் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியதோ என்னவோ, அதற்குள் அப்பாவின் உள்ளங்கை என் வாயை அழுத்தமாகப் பொத்தியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமாவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டில் அம்மா, "என் தம்பி எங்க?" என்று கேட்டாள். அப்பா சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிந்ததும், "நீங்க ஒண்ணுமே சொல்லலையா?" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பல நாள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "பசியில்லைன்னு சொல்லு." பாயசம் இல்லாமல் போனதற்கு இவ்வளவு சண்டையா என்று நினைத்தேன்.

விதையைச் சோதித்து, விசாரித்து, சமையலுக்குத்தான் என்று நம்பி, இரண்டு வாரத்தில் மாமாவை விட்டார்கள். ஆனால் கம்பெனி விசாவை ரத்து செய்து அப்படியே ஊருக்கு ஏற்றிவிட்டது. இனி அந்த நாட்டுக்குள் வர முடியாது. அப்பா அவருடைய பையைக் கேம்ப்பிலிருந்து வாங்கி ஏர்போர்ட்டில் கொடுத்து வந்தார். என்னிடம், மாமா லீவில் போயிருக்கிறார் என்றார்கள். போகிறவர் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லையே என்று அதற்கும் ஒரு கோபம் சேர்ந்துகொண்டது.

ஊரிலிருந்து மாமா போன் பண்ணினார். அப்பா எடுத்து, "மாப்ள..." என்றார். மறுபடி "மாப்ள..." என்றார். போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என்ன தாயி, மாமா மேல இன்னும் கோவமா?"

"ஆமா. கேட்டது நான்தானே? நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

கடிதம் சொல்லும்போது போலவே தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது.

"தப்புத்தான் தாயி" என்றார் மாமா. "மன்னிச்சுக்க."

நான் நன்றாக யோசித்தேன்.

"சரி, போங்க. இந்த ஒரு தடவை மன்னிச்சுட்டேன்" என்றேன்.