கொதிக்கிற அண்டாவில் என்சைம்

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டியில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். விருந்து என்று கூப்பிட்டார்கள். போனால்... இலை போட ஆளில்லை! புருஷனும் பெண்டாட்டியும் பன்றிக் கொட்டகையில் முகம் வாடி நின்றார்கள்.

மச்சான் சின்னராசு என் மனைவியின் தம்பி. ஓசூர் கம்பெனி வேலையை உதறிவிட்டு, யூடியூப் பார்த்துப் பன்றிப் பண்ணை வைத்தவன். வீடியோவில் எந்தப் பன்றிக்கும் கழிச்சல் வருவதில்லை. இவனிடம் வந்துவிட்டது. தாயிடமிருந்து புதிதாகப் பிரித்த குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, துவண்டு கிடந்தன. காலையில் ஒரு குட்டி செத்தே போயிருந்தது. இதுதான் முதல் ஈற்று. இதுகளும் போனால் பண்ணையை மூட வேண்டியதுதான். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"என்சைம் போட்டும் நிக்கலீங்க மாமா! டுபாக்கூர் கம்பெனி... ஏமாத்திப்புட்டான்" என்றான்.

என்சைம்! கல்யாண வீட்டில் மூன்றாவது தடவை பாயசம் வாங்கிவிட்டு, அன்று சாயங்காலம் நான் குடிக்கிற செரிமான சிரப்பில் இருப்பதும் அதுதானே? அந்த உரிமையில் நானும் நிபுணர் மாதிரி தலையாட்டி வைத்தேன்.

கால்நடை டாக்டரம்மா வந்தார். குட்டிகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, "என்சைமை எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டார்.

மச்சான் பெருமையாகக் காட்டினான். அடுப்பில் அண்டா. சோளமாவு, தவிடு, ஓட்டல் மிச்சம் எல்லாம் தளதளவென்று கொதிக்கிறது. அதில் என்சைம் பொடியைத் தூவி, மூடியும் போட்டு... "நல்லா வெந்தாத்தானுங்களே மேடம் சத்து எறங்கும்?"

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். "அது பெருங்காயம் இல்லீங்க! இந்தக் கொதியில என்சைம் செத்தே போயிரும்."

ஆக, இத்தனை நாளும் குட்டிகளுக்குக் கிடைத்தது என்சைமின் பிணம். திட்டு வாங்கியது கம்பெனிக்காரன்! நம் ஊரில் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிப்பது கௌரவக் குறைச்சல் அல்லவா?

"இதுங்க குடலுக்குப் பால் செரிக்கத்தான் தெரியும். சோளம், புண்ணாக்கெல்லாம் இனிமேத்தான் பழகணும். என்சைம் அதுக்கு ஒரு ஒத்தாசை... அவ்ளோதான். ஓட்டல் மிச்சம் வேண்டவே வேண்டாம். குட்டித் தீவனம் குடுங்க, கஞ்சியாக் காச்சினா நல்லா ஆறவெச்சு பொடியைக் கலக்குங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சங்கொஞ்சமா பழக்கியிருக்கணும். நேத்து வரைக்கும் பாலு, இன்னிக்கு சாம்பாரா?"

"தாயை வுட்டுப் பிரிச்சாச்சுன்னா பெருசுதானுங்களே..." மச்சான் முணுமுணுத்தான்.

அவன் மனைவி கலா என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, மீசை மொளச்ச எங்க பையன் காலேஜு சேர்ந்தப்ப, 'புது ஊர்ச் சோறு வயித்துக்கு ஒத்துக்காது'ன்னு, வாராவாரம் மொரப்பூர்ல ரயிலேறி கோயமுத்தூருக்குத் தயிர்சோறு தூக்கிட்டுப் போனது யாருன்னு கேளுங்க!"

நான் கேட்பதற்குள் மச்சான் அடுப்பை அணைக்கப் போய்விட்டான்.

நேற்று கலா போன் செய்தாள். கழிச்சல் நின்றுவிட்டதாம். மிச்சக் குட்டிகள் எல்லாம் தேறி, தொட்டியை முட்டுகின்றனவாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"மச்சான் எங்கேம்மா?"

"கொட்டாயிலதானுங்கண்ணா... விசிறி வெச்சு தீவனம் ஆத்திட்டிருக்காரு. கட்டிக்கிட்டு வந்த நாள்லயிருந்து எனக்கு ஒரு காப்பி ஆத்திக் குடுத்ததில்ல!"