ஒரு தப்புக்கு மூன்று விசாரணை

என் மகளுக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. என்னிடமிருந்துதான். கோல் மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிற பையாவைக் கேட்டால் சொல்வார். என் தலையைக் கண்டதும் அழுகல் தக்காளியை அவராகவே ஓரம் கட்டிவிடுவார். நான் மதுரைக்காரி. அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து டில்லிக்கு வந்தவள், இப்போது எங்கள் செக்‌ஷனில் பழைய ஆள். கணவர் ராணுவத்தில், ராஜஸ்தான் எல்லைப் பக்கம். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நானும் மகளும் மட்டும்தான். இரண்டு கோபக்காரிகள் ஒரே சமையலறையில் நின்றால் பாத்திரங்களுக்குத்தான் கஷ்டம்.

ஐந்தாம் வகுப்பு வரை அவள் ஓர் ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். தமிழ் பேசுவாள், பாதி மதுரைத் தமிழ், பாதி இந்தி. எழுதப் படிக்க மட்டும் வராது. இப்படியே விட்டால் என்ன ஆவது என்று ஆறாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினேன். ஆசை என்னுடையது, அவதி அவளுடையது. தமிழ் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பாள். வகுப்பு சிரிக்கும். இவள் கையில் கிடைத்ததை எறிவாள். முதலில் ரப்பர், அப்புறம் டிபன் பாக்ஸ் மூடி.

ஒவ்வொரு முறையும் பள்ளியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும்: ‘வீட்டில் தக்க அறிவுரை கூறவும்.’ இந்த வாக்கியத்தைப் பார்த்ததும் என் கை தானாக வேலை செய்யும். வருஷக்கணக்கில் என் மேஜைக்கு வந்த ஃபைல்களுக்கு என்ன செய்தேனோ அதையே செய்தேன். ‘பள்ளி தக்க நடவடிக்கை எடுக்கலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று பதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். எங்கள் செக்‌ஷனில் ஃபைல் நம் மேஜையை விட்டு நகர்ந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரம் பள்ளியிலிருந்து அதே ஃபைல் திரும்பி வரும்.

அதற்காக வீட்டில் சும்மா இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவேன். “ஏண்டி, இன்னைக்கு எவ மண்டைய ஒடைச்ச?” என் கச்சேரி முடிந்ததும் வீடியோ காலில் அவள் அப்பா. அவருக்குப் பாவம், சிக்னல் கிடைப்பதே கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தையும் திட்டுவதற்கே செலவழிப்பார். திட்டு பாதியில் படம் உறைந்து நிற்கும், வாயைத் திறந்தபடி. மகள் அந்த உறைந்த முகத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் ஆபீஸுக்கு போன் வந்தது. இந்த முறை வாட்ஸப் இல்லை. தண்ணீர் பாட்டிலை, ஸ்டீல் பாட்டிலை, எறிந்திருக்கிறாள். பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் நெற்றியில் பட்டுத் தையல் போடும்படி ஆகிவிட்டது. ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது பிரின்சிபால் அறையில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்தபிறகு ஊர்க்கோடியில் இருக்கிற நரேலாவுக்குப் போன குடும்பம். அவள் வேலை செய்கிற வீடுகள் எல்லாம் இன்னும் ஜங்புராவில். நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவள். அன்றைக்கு எல்லா வீட்டு வேலையையும் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

“எம் பொண்ணு கண்ணுல பட்டிருந்தா என்னாம்மா பண்ணுவீங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? ‘மன்னிச்சுருங்க’ என்றேன், அது எனக்கே போதாமல் இருந்தது. அவள் பிரின்சிபால் பக்கம் திரும்பினாள். “ஒண்ணு இந்தப் பொண்ணு இங்க இருக்கணும், இல்ல எம் பொண்ணு இருக்கணும்.”

பிரின்சிபால் யோசித்து ஒரு முடிவு சொன்னார். இந்த ஒரு முறை மன்னிப்பு. பள்ளி வருஷம் முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்கு என் மகளால் இன்னொரு காயம் பட்டால் டி.சி. அந்த அம்மாவுக்கு முன்னால் வைத்தே வாக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலம் மகள் அழுத அழுகை இருக்கிறதே. “நான் அந்த ஸ்கூலை விட்டுப் போமாட்டேன்மா, ப்ளீஸ்மா” என்று. எனக்கு ஆச்சரியம். சிரிக்கிற பிள்ளைகள் இருக்கிற பள்ளியின் மேல் இவளுக்கு என்ன ஆசை? ஆனால் இருந்தது. அவளுக்கு அங்கே இருக்க வேண்டும், இருக்கத்தான் தெரியவில்லை. நடுவருஷத்தில் அடிதடி என்று டி.சி. வாங்கிய பெண்ணை வேறு எந்தப் பள்ளி சேர்க்கும் என்று எனக்கும் பயம்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பாசிரியை என்னை வரச் சொன்னார். அவர்தான் தமிழும் எடுக்கிறவர். திருச்சிக்காரர், என்னைவிட இளையவர், குரலே உயராது. எனக்கு அப்படிப்பட்டவர்களிடம் பேசவே தெரியாது. சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன்.

“நீங்க எனக்கு அனுப்பறீங்க, நான் உங்களுக்கு அனுப்பறேன், நடுவுல குழந்தை ஃபைல் மாதிரி போய்ட்டு வந்துட்டு இருக்கா மேடம்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “அப்ப நீங்க மட்டும் ஏன் டீச்சர் அனுப்புனீங்க?” என்றேன்.

“அதைத்தான் சொல்றேன். நானும்தான்” என்றார். இப்படி உடனே ஒத்துக்கொள்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அடுத்து ஒரு கேள்வி கேட்டார். “ஒரு தப்புக்கு அவ எத்தனை இடத்துல பதில் சொல்றா?”

யோசித்துப் பார்த்தேன். வகுப்புக்கு வெளியே நிற்பது ஒன்று. வீட்டில் என் கச்சேரி. அப்புறம் ராஜஸ்தானிலிருந்து கோர்ட் மார்ஷல். “மூணு” என்றேன்.

“ரெண்டு பக்கமும் பூச்சாண்டி வேற. நான் ‘அம்மாவை வரச்சொல்லட்டுமா’ங்கறேன். நீங்க?”

“‘மிஸ்கிட்ட சொல்லட்டுமா’ம்பேன்.”

“பின்ன அவ யாருகிட்டதான் போய்ச் சொல்லுவா?”

அவர் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். ஒரு தப்புக்கு ஒரே ஒரு விசாரணை. பள்ளியில் நடந்தது பள்ளியிலேயே முடியும். அவர் எனக்குத் தகவல் சொல்வார், நான் திரும்பக் கிளறக்கூடாது. வீட்டில் நடந்ததை நான் அவரிடம் சொல்லலாம், அவர் கிளறமாட்டார். யாரும் யார் பெயரையும் சொல்லிப் பயமுறுத்தக்கூடாது. கோபம் தலைக்கேறினால் மகள் அனுமதி கேட்காமலே எழுந்து விளையாட்டு சாமான் அறைக்குப் போகலாம். பி.டி. சாரிடம் பேசிவிட்டாராம். அங்கே காற்றுப்போன பந்துகள் நிறைய இருக்கின்றன, பம்ப் இருக்கிறது, மனசு ஆறும் வரை காற்றடிக்கலாம்.

“வீட்டுல கேக்காம விட்டா குளிர் விட்டுப்போயிரும் டீச்சர்” என்றேன்.

“விட்டுப்போகட்டுமே. நடுங்கிட்டே இருக்கறவங்கதான் மேடம் கையில கிடைச்சதை எறிவாங்க.”

எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஆனால் டி.சி. கத்தி தலைக்கு மேலே தொங்கும்போது நம்பிக்கை வரும்வரை காத்திருக்க முடியுமா? சரி என்றேன்.

சொல்வது சுலபம். முதல் வாரமே செய்தி வந்தது: ‘இன்று ஒரு சின்ன விஷயம். இங்கேயே பேசி முடித்துவிட்டோம்.’ என்ன விஷயம்? யாரோடு? மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து வாயை இறுக மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். தேவைக்கு மேல் நறுக்கிவிட்டு, அன்று வெங்காயக் குழம்பு, வெங்காயச் சட்னி, வெங்காய ஊத்தப்பம். மகள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். “அம்மா, டாண்ட்டலையா?” என்று, திட்டவில்லையா என்பதைப் பாதி இந்தியில் அவளே கேட்டுவிட்டாள். “டீச்சர் பேசிட்டாங்கள்ல, அம்புட்டுதான்” என்றேன். அவள் அன்றைக்கு இரண்டு ஊத்தப்பம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அவள் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரிய பாடு. “திட்ட வேணாமா? அப்ப நான் என்னத்துக்கு இருக்கேன்?” என்று அவருக்கு ரோஷம். அதற்கும் டீச்சரே வழி சொன்னார். மறுநாள் வகுப்பில் மகள் வாசிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார். மகள் அதை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். தடுக்கி விழுகிற இடத்தில் அவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லையில் துப்பாக்கி பிடிக்கிற மனுஷன், ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை “மெதுவா, மெதுவாம்மா, அவசரம் இல்ல” என்று சொல்லிக் கொடுத்ததைக் கேட்பதற்காக நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். சிக்னல் போனால் மறுபடி அவரே கூப்பிடுவார். குளிர்காலத்தில் டில்லியைச் சூழ்கிற புகை மூட்டத்துக்காகப் பள்ளிகளை மூடிய நாட்களிலும் இது நிற்கவில்லை.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று கதை விட எனக்கு இஷ்டமில்லை. ஒரு நாள் தாங்க முடியாமல், “என்னடி நடந்துச்சு, ஒழுங்கா சொல்லு” என்று நான் ஆரம்பித்துவிட, அவள் கதவைச் சாத்திய சாத்தலில் மேல்வீட்டு சர்தார்ஜி எட்டிப் பார்த்தார். பள்ளியிலும் ஒரு முறை பி.டி. சார் லீவு, சாமான் அறை பூட்டிக் கிடந்தது, இவள் பூட்டை உதைத்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாளிலிருந்து அவர் சாவியை ஆபீஸ் ரூமில் கொடுத்துவைக்க ஆரம்பித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே செய்தார். “மேடம், இந்த வருஷம் என் பந்து எல்லாம் கல்லு மாதிரி இருக்கு” என்று வாசலில் பார்த்தபோது சொல்லிச் சிரித்தார். பிறத்தியார் வீட்டுப் பிள்ளையின் கோபத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்க அந்த மனிதருக்கு என்ன தலையெழுத்து? என் கூடப்பிறந்தவர்கள்கூட எனக்கு இப்படிச் செய்ததில்லை. அன்று அவருக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லத் தெரியாமல் “வரேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

குளிர் குறைந்து ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று யோசிக்கிற பிப்ரவரியில் பெற்றோர் கூட்டம். வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். இதைத் தாண்டிவிட்டால் டி.சி. பேச்சு தீர்ந்தது. வகுப்பறையில் டீச்சர் மேஜைக்கு முன்னால் அந்த நரேலா அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அடுத்து என் முறை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சுருங்கும். தயங்கி நின்ற என்னை, “வாங்க மேடம், உக்காருங்க, முடிஞ்சுது” என்று டீச்சர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

அப்போது மகள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“மேம், நான் அவளைத் தள்ளிட்டேன். படியில. முட்டில ரத்தம் வருது.”

யாரை என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் அந்தப் பெண் நொண்டிக்கொண்டே வந்து நின்றாள். நெற்றித் தழும்பு அப்படியே தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

“படியில ஒரே கூட்டம்மா” என்றாள் அந்தப் பெண் தன் அம்மாவிடம். “யாரு தள்ளுனாங்கன்னே தெரியல. இவதானா?”

“லைன்ல முன்னாடி பூந்தா. எனக்குக் கோபம் வந்துச்சு” என்றாள் என் மகள். “பந்து ரூமுக்குப் போறதுக்குள்ள தள்ளிட்டேன்.” அந்தப் பெண்ணைப் பார்த்து, “சாரிடி” என்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

டீச்சர் எழுந்து முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்தார். அந்த அம்மா தன் மகளை நாற்காலியில் உட்கார வைத்து முட்டியைப் பார்த்தாள். தோல்தான் வழன்றிருந்தது. டீச்சர் பஞ்சால் துடைத்தார். வராந்தாவுக்கு எதிரே பிரின்சிபால் அறை திறந்துதான் இருந்தது. அந்த அம்மா எழுந்து நாலு அடி நடந்தால் போதும், எங்கள் கதை முடிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினால் அதுவும் ஒரு வற்புறுத்தல் ஆகிவிடும் என்று தோன்றியது.

அவள் நிமிர்ந்து என் மகளைப் பார்த்தாள். “யாரும் பாக்கலியே. டி.சி. குடுத்துடுவாங்கன்னு தெரியும்ல? ஏன் புள்ள வந்து சொன்ன?”

மகள் என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். இது தெரியாதா என்பது போல ஒரு பார்வை.

“நீங்க எல்லாரும் ஒண்ணா இங்க இருந்தீங்கள்ல ஆன்ட்டி. ஒரே வாட்டி சொன்னா போதும்ல.”

டீச்சர் கையில் பஞ்சோடு அப்படியே நின்றுவிட்டார். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. இத்தனை மாசமும் டி.சி. வராமல் இருந்தால் போதும் என்றுதான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். என் பெண்ணுக்குத் தானாக வந்து சொல்கிற இப்படி ஒரு துணிச்சலைக் கொடு என்று நான் கேட்டதே இல்லை.

அந்த அம்மா பிரின்சிபால் அறைப் பக்கம் போகவில்லை. தன் மகளை எழுப்பி நிறுத்தி, பாவாடையைத் தட்டிவிட்டாள். பிறகு என் மகளின் கன்னத்தைத் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

“எம் பொண்ணு விஷயம்னா நானும் கூட இருக்கணும், என்னா?” என்றாள். “என்னையும் வச்சே சொல்லு.”