இறுகிப்போன வெள்ளி அரைஞாண்

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் கடற்கரை. அன்று பின்னேரம் அங்கே நின்றது நான்கே பேர்: நான், என் தங்கச்சி, அவளுடைய ஏழு வயது மகன், அவனைவிட இரண்டு மாதம் மூத்த என் மகன்.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உம்மா ஒரே வளவில் ஆளுக்கொரு வீடு தந்துதான் எங்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தார். நடுவில் வேலி இல்லை. பிள்ளைகள் பிறந்ததும் ஒரே அளவில் வெள்ளி அரைஞாண் போட்டார். தங்கச்சியின் மகன் கொழுகொழுவென்று வளர்ந்தான். மூன்று வயதுக்குள் தட்டார் அவனுடையதில் இரண்டு தரம் வளையம் சேர்த்துவிட்டார். என் மகனுடையதோ தொடைக்கு வழுகும். வருகிறவர்கள் தங்கச்சியின் மகனைத்தான் தூக்கிக் கொஞ்சுவார்கள். "உன்ட புள்ளைக்குச் சோறு குடுக்கிறல்லையாகா?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையும் மாலையும் டின்பாலில் சீனி கரைத்துக் கொடுத்தேன். நெய்ச்சோறு, தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல், பொரித்த வாழைப்பழம். ஓடினால் சதை கரைந்துவிடுமென்று பயந்து, நான் நெய்கிற தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு இருத்திவைத்தேன். நான்கு தரம் வளையம் சேர்த்தோம். தங்கச்சியின் மகன் அதற்குள் மெலிந்துவிட்டான். உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை.

அன்று கரைவலைக்காரர் போன பிறகு, சிதறிக் கிடந்த நெத்தலி பொறுக்கத் தங்கச்சியின் மகன் ஓடினான். "காக்கா, வா" என்று அண்ணன் முறைக்குக் கூப்பிட, என் மகனும் பின்னால் ஓடினான். ஐம்பது அடி இருக்காது. மணலில் விழுந்து மூச்சுக்குத் தவித்தான். தங்கச்சிதான் பாய்ந்துபோய் இடுப்புச் சாரனைத் தளர்த்தினாள்.

"ராத்தா, இதப் பாருங்க. அரைஞாண் சதைக்குள்ள போய்க் கிடக்கு."

"போன மாசம்தானேகா வளையம் சேர்த்த."

"இன்னும் எத்தின வளையம் சேர்க்கப்போறீங்க?"

அரைஞாண் கொளுக்கியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். இடுப்பைச் சுற்றிப் புண்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போத்திக்கரி பார்த்துவிட்டு, "வேற நோய் வருத்தமில்ல. சீனியக் குறை, புள்ளைய ஓட விடு" என்றார். திரும்பி வரும்போது தங்கச்சி மெல்லச் சொன்னாள்.

"நானும் முந்தி இப்பிடித்தான் குடுத்த. பந்தடிக்கக்குள்ள என்ட மகனுக்கு மூச்சு இரைச்ச. பயந்துபோய் நிப்பாட்டின."

"எனக்கேன் செல்லல்ல?"

"செல்லியிருந்தா, என்ட புள்ளையப் பாத்து எரியிறாய் எண்டிருப்பீங்க, ராத்தா."

ஓம், அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

டின்பாலை நிறுத்திக் குரக்கன் கஞ்சிக்கும் மீனுக்கும் கீரைக்கும் மாறினோம். என் மகன் மூச்சு வாங்காமல் ஓட ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது. பொறாமைக்காரியிடம் நல்ல புத்தி சொல்லக் கூடப்பிறந்தவளே பயப்படுவாள் என்பதும், அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது என் பிள்ளையின் உடம்பு என்பதும் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.